யூகேல ட்ரீ சர்ஜன் ஆகணுமா? கயிறு, கியர், மரத்துமேல ஒரு நாள்: முழு வழிகாட்டி

யூகேல மரம் ஏறுற வேலைக்கு வரலாமான்னு கேக்குற பசங்க பாதிப் பேர் எந்த ஹார்னஸ் வாங்கலாம், எந்த செயின்சா நல்லதுன்னுதான் ஆரம்பிக்கிறாங்க. பதில் சொல்றேன், கீழ எல்லாம் விலாவாரியா இருக்கு, ஆனா வரிசைய மாத்தித்தான் சொல்லப் போறேன். இந்த வேலைல கயிறு முதல்ல, ரம்பம் கடைசில. உங்க உடம்ப எது தாங்குதோ அதுல ஆரம்பிச்சு வெளிப்பக்கமா போங்க, காசு செலவழிக்கிறதும் அப்படித்தான், காலைல மரத்தடில நின்னு யோசிக்கிறதும் அப்படித்தான்.

நான் எழுதுறது இங்கிலாந்து நிலவரம். சட்டம், சர்டிஃபிகேட், மர வகை எல்லாமே இங்க உள்ளது.

முதல்ல வேலை என்னன்னு புரிஞ்சுக்கோங்க. மரத்த அடியோட சாய்க்கிறது இதுல சின்ன பங்குதான். பெரும்பாலான நாள் க்ரௌன் ரிடக்ஷன், அதாவது மரத்தோட தலைப்பகுதிய எல்லா பக்கமும் அளவா குறைக்கிறது, இல்லன்னா ரோட்டுக்கு மேல தொங்குற கீழ்க்கிளைய எடுத்து விடுறது, பட்டுப்போன கொப்பு எடுக்கிறது, லண்டன் பிளேன் மரத்த சில வருஷத்துக்கு ஒரு தடவ பழைய முண்டு வரைக்கும் திரும்ப வெட்டுற பொலார்டிங், லைம் மரத்தடில (எலுமிச்ச இல்ல, லிண்டன்னு சொல்ற மரம்) புதரா வர்ற துளிர சுத்தம் பண்றது, அப்புறம் வேகமா வளர்ற லேலண்டி மரத்துல முடிவே இல்லாத வேலி. வேலின்னா சும்மா இல்ல, ரெண்டு வீட்டுக்காரங்க அஞ்சு வருஷமா பேசிக்காம இருப்பாங்க, நடுவுல நீங்க ஏணி போட்டு நிப்பீங்க. முழு மரத்த துண்டு துண்டா எறக்குற டிஸ்மான்ட்லிங் வந்தா அன்னைக்கு எல்லாருக்கும் குஷி.

ஸ்டெப் 1: ஏறுறதுக்கு முன்னாடி கீழ நில்லுங்க

நேரா க்ளைம்பரா யாரும் எடுக்க மாட்டாங்க, எடுத்தாலும் போகாதீங்க. க்ரவுண்டின்னு சொல்ற கீழ்வேலை ஆளா ஒரு வருஷமாவது இருங்க. வெட்டின கிளைய இழுக்கிறது, அத தூளாக்குற சிப்பர் மெஷின்ல போடுறது, கூட்டுறது, க்ளைம்பர் கேட்டத மேல அனுப்புறது. கேவலமா நெனக்காதீங்க, ஒரு நல்ல க்ரவுண்டி இருந்தா க்ளைம்பர் வேலை பாதி நேரத்துல முடியும், மோசமான க்ரவுண்டி இருந்தா க்ளைம்பர் கயிறு சிப்பருக்குள்ள போகும்.

அத மிகைப்படுத்தி சொல்லல. தழைக்கு நடுவுல ஏறுறவன் கயிறோட வால் கெடக்கும், க்ரவுண்டி தழைய அள்ளும்போது அதுவும் சேந்து வரும், சிப்பர் ரோலர் கடிச்சிடுச்சுன்னா மேல உள்ள ஆள அப்படியே இழுத்துடும், கத்துறதுக்குக் கூட நேரம் கெடையாது. அதனால கயிறு வால பையில போட்டு மரத்தடிலயே வைங்க, சிப்பர தள்ளி நிறுத்துங்க, தழைய எடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் கயிறு இருக்கான்னு பாத்துட்டு எடுங்க. சிப்பர்ல போடும்போது தடிமனான அடிப்பக்கம் முதல்ல போகணும், நீங்க சைடுல நிக்கணும், நேர் பின்னாடி இல்ல. ஹார்னஸ மாட்டிக்கிட்டு சிப்பர் பக்கம் போகவே கூடாது, தொங்குற பட்டை எல்லாம் கிளைல மாட்டும். சின்ன துண்ட காலால உள்ள தள்ளுறவன் இருக்கான், அவன் கூட வேலை செய்யாதீங்க.

கீழ நிக்கும்போதுதான் மரம் படிக்க வரும். எந்த மரம் எப்படி முறியுது, எவ்வளவு வெயிட், மேல உள்ளவன் எதுக்கு அந்தக் கவட்டைய விட்டுட்டு இந்தக் கவட்டைல கயிறு போட்டான், எல்லாம் கீழ இருந்துதான் நல்லா தெரியும்.

ஸ்டெப் 2: டிக்கெட்

இங்க சர்டிஃபிகேட்ட டிக்கெட்னுதான் எல்லாரும் சொல்வாங்க. சிட்டி அண்ட் கில்ட்ஸ் என்பிடிசி இல்லன்னா லான்ட்ரா, ரெண்டுல ஒண்ணு. பழைய நம்பர் இப்பவும் வாய்ல ஓடுது: சிஎஸ்30 செயின்சா பராமரிப்பும் கீழ கெடக்குற மரத்த அறுக்கிறதும், சிஎஸ்31 சின்ன மரம் சாய்க்கிறது, சிஎஸ்38 மரம் ஏறுறதும் மேல மாட்டின ஆள எறக்குறதும், சிஎஸ்39 கயிறுல தொங்கிக்கிட்டு செயின்சா ஓட்டுறது, சிஎஸ்40 ப்ரூனிங், சிஎஸ்41 துண்டு துண்டா எறக்குறது. இந்த வரிசைலயே போனா போதும். சொல்லிக் கொடுக்கிறவர் ஒருத்தர், டெஸ்ட் வைக்கிறவர் வேற ஒருத்தர், அதனால ட்ரெய்னர்கிட்ட நல்ல பேர் வாங்கினா பாஸ்னு நெனக்க வேணாம். கூடவே ஃபர்ஸ்ட் எய்ட், ஃபாரெஸ்ட்ரி பகுதி சேத்த கோர்ஸா பாத்து எடுங்க, பெரிய ரத்தப்போக்க நிறுத்துறது அதுலதான் வரும்.

முப்பத்தெட்டுக்கும் முப்பத்தொம்பதுக்கும் நடுவுல கொஞ்ச மாசம் இடைவெளி விடுங்க. கைரம்பத்தோட மட்டும் ஏறி பழகுங்க. ரெண்டையும் ஒரே மாசத்துல முடிச்சிட்டு வர்ற பையனுக்கு கயிறுல நகரத் தெரியாது, ஆனா கைல செயின்சா இருக்கும்.

ஸ்டெப் 3: ஏறுற கியர்

இதுக்குத்தான் எல்லாரும் வந்திருப்பீங்க, அதனால நிதானமா போவோம்.

*கயிறு.* ஈஎன் 1891 'டைப் ஏ'-ன்னு முத்திரை (ஈஎன்னா ஐரோப்பிய தர நம்பர்) இருக்கிற, நீளம் அதிகம் இழுபடாத கயிறு. விட்டம் சுமாரா 11.5 மி.மீ-ல இருந்து 13 மி.மீ வரைக்கும். அந்த முத்திரைக்கு குறைஞ்சபட்ச அறுபடு பலம் 22 கிலோ நியூட்டன், பச்சையா சொன்னா ரெண்டேகால் டன் கிட்ட. அவ்வளவு எதுக்குன்னு கேக்காதீங்க, முடிச்சு போட்டா பலம் குறையும், தேஞ்சா குறையும், பழசானா குறையும். 45 மீட்டர் நீளம் முதல் கயிறுக்கு சரி. கயிறு கவட்டைக்கு மேல போய் திரும்ப வர்ற முறைல ஏறினா மரத்து உயரத்துக்கு ரெண்டு மடங்கு கயிறு வேணும், 20 மீட்டர் மரத்துக்கு 45 போதும். ஒரு முனைல கம்பெனியே தச்சுக் கொடுத்த கண்ணி இருக்கிறதா வாங்குங்க. இன்னொரு முனைல ஸ்டாப்பர் முடிச்சு, எப்பவும். கயிறு முடிஞ்சது தெரியாம கீழ எறங்கி வெறும் முனைல இருந்து விழுந்தவங்க உண்டு.

*ஹார்னஸ்.* மலையேறுற ஹார்னஸ் வேலைக்கு ஆகாது. இதுல நடுவுல ஒரு பிரிட்ஜ் இருக்கும், கயிறுலயே செஞ்சது, அதுல ஒரு ரிங் இடமும் வலமும் ஓடும், அதுலதான் தொங்குவீங்க. இடுப்புல ரெண்டு பக்கமும் டி ரிங், லேன்யார்டுங்கிற குட்டிக் கயிறுக்கு. ட்ரீமோஷன், பெட்ஸல் செக்வோயா ரெண்டும் தளத்துல அதிகமா பாக்கலாம். எது நல்லதுன்னு என்னைக் கேட்டா, கடைல தொங்கிப் பாக்க விடுறாங்களா, இருபது நிமிஷம் தொங்குங்க, தொடைல எங்க அறுக்குதுன்னு உங்களுக்கே தெரியும். ஆன்லைன்ல சைஸ் சார்ட் பாத்து ஹார்னஸ் வாங்குறவங்களப் பாத்தா எனக்குப் பாவமா இருக்கும். பிரிட்ஜ் தேயுற சாமான், தனியா மாத்தலாம், ஸ்பேர் ஒண்ணு வேன்ல இருக்கட்டும்.

*கேரபைனர்.* ஈஎன் 362, அதுவும் மூணு அசைவுல தெறக்குற, தானா பூட்டிக்கிற வகை. மேல தூக்கு, திருப்பு, அமுக்கு. மரத்துல கிளை உரசி சாதா ஸ்க்ரூ வகை தானா தெறக்கும். மார்க்கெட்ல பேர் தெரியாத கம்பெனி கேரபைனர் சல்லிசா கெடைக்கும், அத சாவிக்கொத்துக்கு வச்சுக்கோங்க.

*பிடிக்கிற சாமான்.* கயிறுல நீங்க நின்ன இடத்துல நிக்கணும், விட்டா எறங்கணும். அத செய்யிறது ஒரு சின்ன கயிறு முடிச்சு. ப்ளேக்ஸ் ஹிட்ச் தான் முதல்ல சொல்லிக் கொடுப்பாங்க, அதுக்கு அடுத்து விடின்னு சுருக்கமா சொல்ற வால்டோட்டான் ட்ரெஸ், டிஸ்டெல். 8 மி.மீ-ல இருந்து 10 மி.மீ வரைக்கும் சூடு தாங்குற நார்ல செஞ்ச கயிறு, கீழ ஹிட்ச் க்ளைம்பர் கப்பி வச்சா ஒரே கையால தளர்வ எடுத்துக்கலாம். மெக்கானிக்கலா வேணும்னா பெட்ஸல் ஸிக்ஸாக் மாதிரி சங்கிலி சங்கிலியா இருக்கிறது. வழவழன்னு ஓடும், சொகுசு. ஆனா முடிச்சு தெரியாம ஸிக்ஸாக்ல ஆரம்பிக்காதீங்க. மழைல, பைன் பிசின் ஒட்டினதுல, குளிர்ல ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி நடந்துக்கும், முடிச்சுல அது எல்லாம் விரல்லயே தெரியும். முடிச்சுக் கயிறு இருக்கிறதுலயே சல்லிசான சாமான், கொஞ்சம் வழுவழுப்பா கண்ணாடி மாதிரி ஆனாலே தூக்கிப் போட்டுடுங்க.

*லேன்யார்ட்.* இடுப்புல ஒரு டி ரிங்ல இருந்து மரத்த சுத்தி அடுத்த டி ரிங்குக்கு வர்ற குட்டிக் கயிறு. உள்ள இரும்புக் கம்பி ஓடுறதும் இருக்கு. கைரம்பம் பட்டா அது காப்பாத்தும், செயின்சாவுக்கு முன்னாடி கம்பி எல்லாம் ஒண்ணுமில்ல. மேல செயின்சா ஸ்டார்ட் பண்ணும்போது எப்பவுமே ரெண்டு இடத்துல கட்டியிருக்கணும், கயிறு ஒண்ணு லேன்யார்ட் ஒண்ணு.

*ஹெல்மெட்.* கட்டட வேலை ஹெல்மெட் ஈஎன் 397, அதுல தாடைப் பட்டை கொஞ்சம் இழுபட்டாலே கழண்டுக்கணும், எதுலயாவது மாட்டி கழுத்து நெரியக் கூடாதுன்னு. ஏறுறவங்களுக்கு ஈஎன் 12492, இதுல பட்டை 500 நியூட்டன் வரைக்கும் பிடிச்சுக்கும், ஏன்னா ஊஞ்சல் மாதிரி போய் அடிமரத்துல மோதுறப்ப முதல் அடில ஹெல்மெட் பறந்துடக் கூடாது. காது மூடி, கண்ணுக்கு வலை ரெண்டும் சேந்தது வாங்குங்க.

*பேன்ட், பூட்ஸ்.* செயின்சா பேன்ட்டுக்குள்ள நீள நீளமான நார் அடுக்கடுக்கா இருக்கும், சங்கிலி பட்டவுடனே நார் உருவி வந்து செயின்சா பல்சக்கரத்துல சுத்தி நிறுத்திடும். டைப் ஏ முன்பக்கம் மட்டும், டைப் சி கால சுத்தி முழுசும். மரத்துமேல காலு எந்தப் பக்கம் இருக்கும்னு யாருக்குத் தெரியும், டைப் சி போடுங்க, கோடைல வெந்து போவீங்க, பரவாயில்ல.

*ஸ்பைக்.* பூட்ஸ்ல கட்டுற முள்ளு. நம்ம ஊர் பனையேறிங்க கால்ல தளநார் மாட்டி பட்டை நோகாம ஏறுவாங்க, ஸ்பைக் அப்படி கெடையாது, ஒவ்வொரு அடிக்கும் பட்டைய குத்தி காயம் பண்ணும். அதனால வெட்டி எறக்கப் போற மரத்துல மட்டும்தான் போடலாம். உயிரோட நிக்கப் போற மரத்துல ஸ்பைக் போட்டு ரிடக்ஷன் பண்றவன் தொழில் தெரியாதவன், அவன்கிட்ட வேலைக்குப் போகாதீங்க.

இது போக எறி கயிறு, எறி பை, கவட்டைல பட்டை தேயாம இருக்க கேம்பியம் சேவர், கால்ல மாட்டி ஏறுற ஃபுட் அசெண்டர், நல்ல கைரம்பம். கைரம்பத்துக்கு ஜப்பான் கம்பெனி ஸில்கி, வேற பேரே தளத்துல கேக்க மாட்டீங்க. உறைல இருந்து எடுக்கும்போதே விரல் போகும், அவ்வளவு கூர்.

செகண்ட்ஹேண்டா கயிறு, ஹார்னஸ், துணி சம்பந்தப்பட்ட எதையும் வாங்காதீங்க. ஆசிட் பட்டுச்சா, பெட்ரோல் பட்டுச்சா, ஒரு தடவ பெருசா விழுந்து அதிர்ச்சி வாங்குச்சா, பாத்து கண்டுபிடிக்க முடியாது.

ஸ்டெப் 4: பேப்பர் வேலையும் மரத்த பாக்குறதும்

வேலைக்கு முன்னாடி கவுன்சில்ல கேக்கணும், இந்த மரத்துக்கு டிபிஓ இருக்கா, அதாவது மரத்த பாதுகாக்கிற ஆர்டர். இருந்தா எழுத்துல அனுமதி இல்லாம ஒரு கிளை தொட முடியாது. கன்சர்வேஷன் ஏரியான்னா தரைல இருந்து 1.5 மீட்டர் உயரத்துல விட்டம் 7.5 செ.மீ-க்கு மேல உள்ள மரத்துக்கு 6 வாரம் முன்னாடி நோட்டீஸ் கொடுக்கணும். வீட்டுக்காரர் அதெல்லாம் வேணாம் தம்பி, எங்க மரம்தானேன்னு சிரிப்பாரு. ஃபைன் வந்தா வெட்டினவன் பேர்லயும் வரும்.

அடுத்தது பறவை. 1981 வைல்ட்லைஃப் அண்ட் கன்ட்ரிசைட் சட்டப்படி கூடு கட்டிட்டு இருக்கிறத, பயன்ல உள்ளத கலைக்கக் கூடாது. முக்கியமான சீசன் மார்ச்ல இருந்து ஆகஸ்ட். வௌவால் தங்குற பொந்துன்னா வருஷம் முழுக்க கை வைக்கக் கூடாது, வௌவால் இல்லாத நேரத்துலயும்.

இப்ப மரம். தூர நின்னு முழுசா பாருங்க, அப்புறம் கிட்டப் போய் வேர்ல ஆரம்பிங்க. வேரடில காளான் இருக்கா. பீச் மரத்தடில அடுக்கடுக்கா பெரிய விசிறி மாதிரி வந்தா மெரிபிலஸ், வேர் உள்ள செத்துட்டு இருக்கலாம். கரி பூசின மாதிரி கருப்பா மேலோடு இருந்தா கிரெட்ஸ்மேரியா, இது இன்னும் பொல்லாதது, மேல இலை பச்சைப்பசேல்னு இருக்கும், அடி மட்டும் பட்டுனு ஒடையும். சுத்தியால தட்டிப் பாருங்க, டங்குனு கேட்டா சரி, டொக்குனு வெறுமையா கேட்டா உள்ள உளுத்திருக்கலாம்.

ஆஷ் மரத்துக்கு தனியா ஒரு வார்த்தை. ஆஷ் டைபேக் நோய் இங்க 2012-ல கண்டுபிடிச்சாங்க, இப்ப நாடு முழுக்க இருக்கு. நோய் வந்த ஆஷ் காஞ்சு நொறுங்கும், நம்ம பாரம் தாங்கும்னு நம்பிப் போற கிளை சத்தம் போடாம ஒடையும். ரொம்ப முத்தினத ஏறவே கூடாது, ஆள மேல தூக்குற மேடை வண்டி, செர்ரி பிக்கர், கொண்டு வாங்க, இல்ல மெஷினால சாய்க்கணும். 2005 வொர்க் அட் ஹைட் சட்டம் சொல்றதும் இதுதான்: உயரத்துல போகாம முடிக்க முடியுமா, முடியாதுன்னா ஆள் விழாம தடுக்கிற மேடை வண்டி முடியுமா, அதுவும் முடியாதுன்னாதான் கயிறு. ஏறுறது ஹீரோயிசம் கெடையாது, வேற வழி இல்லாததுக்கு செய்யிறது.

வில்லோ, பாப்லர் ரெண்டும் நம்பக்கூடாத ஜாதி. ஸிக்கமோர் மழைல பாசி ஏறி சோப்பு போட்ட தரை. ஓக்ல லண்டன் பக்கம் ஓக் ப்ராசஷனரி மாத் புழு கூடு இருந்தா தொடாதீங்க, அந்த முடி பட்டா அரிப்பும் மூச்சுத் தொல்லையும் வரும், அதுக்குன்னு ஆட்கள் இருக்காங்க. கரண்ட் கம்பி பக்கத்துல இருந்தா, லைன்காரங்க வந்து பாத்து எழுதிக் கொடுக்காம ஏறக் கூடாது.

ஸ்டெப் 5: கயிறு மேல போடுறது

2 மி.மீ கிட்ட உள்ள வழுக்குற எறி கயிறு, முனைல 250-ல இருந்து 400 கிராம் வரைக்கும் ஒரு பை. கால் ரெண்டுக்கும் நடுவுல ஆட்டி எறியணும், உயரமான மரம்னா கம்புல மாட்டின பெரிய உண்டிவில். பழகற வரைக்கும் எரிச்சல் வரும், பத்து தடவ எறிஞ்சும் கிடைக்காது, பக்கத்து வீட்டு பசங்க கூடி நின்னு பாப்பாங்க.

கவட்டை எதுன்னு தேர்ந்தெடுக்கிறதுதான் இந்த வேலையோட உயிர். உயிருள்ள மரம், அடிமரத்துக்கு கிட்ட, என் அளவுல 10 செ.மீ-க்கு குறையாத தடிமன், நோய் உள்ள வகைன்னா அதுக்கும் மேல. இறுக்கமான வி மாதிரி கவட்டைல பட்டை உள்ளுக்குள்ள மடிஞ்சிருக்கும், அது பிளக்கும். கயிறு போட்டதும் கீழ இருந்தே ரெண்டு பேர் சேந்து தொங்கி ஆட்டிப் பாருங்க, மேல இருந்து ஏதாவது முறிஞ்சு வந்தா அப்ப வரட்டும்.

ரெண்டு வழி இருக்கு. மூவிங் ரோப், கயிறு ஓடும், உங்க எடை ரெண்டு பக்கமும் பிரியும், கவட்டை மொத்தத்துல உங்க எடையத்தான் தாங்கும். ஸ்டேஷனரி ரோப், கயிறு அசையாது, நீங்க அதுல ஏறுவீங்க, காலும் முழங்காலும் வச்சு மாடிப்படி ஏறுற மாதிரி, வேகம் ரொம்ப ஜாஸ்தி. கெவின் பிங்காம் கண்டுபிடிச்ச ரோப் ரெஞ்ச், அதாவது முடிச்சுக்கு மேல கயிற உரசிப் பிடிக்கிற சாமான், வந்த அப்புறம் முடிச்ச வச்சே இதுல மேல போய் வேலை செஞ்சு கீழயும் வர முடிஞ்சது. ஆனா ஒண்ணு மண்டைல ஏத்திக்கோங்க: ஸ்டேஷனரில கயிற மரத்தடில கட்டினா மேல உள்ள கவட்டைக்கு உங்க எடை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கா விழும், ஒரு பக்கம் நீங்க, இன்னொரு பக்கம் அதே இழுப்பு. 90 கிலோ ஆளுன்னா 180 கிலோ கிட்ட. மூவிங்ல போதுமா இருந்த கவட்டை இதுக்கு போதாம போகலாம்.

2020-ல வந்த தொழில் நடைமுறைக் கோட் படி ரெண்டு கயிறு, ரெண்டும் தனித்தனி கவட்டைல, அதுதான் இப்ப வழக்கம். முடியாத இடம்னா ஏன் முடியலன்னு எழுதி வைக்கணும். பழைய ஆட்கள் இன்னும் முனகுவாங்க, ரெண்டு கயிறு சிக்குது, நேரம் ஆகுதுன்னு. சிக்கத்தான் செய்யும். ஆனா கைரம்பம் ஒரு கயிற தொட்டாலும் இன்னொண்ணு இருக்கு, எனக்கு அந்த வாதம் போதும்.

ஸ்டெப் 6: மேல நகர்றது

புதுசா வர்றவங்க கிளைய கட்டிப்பிடிச்சு கையாலயே ஏறுவாங்க, மத்தியானத்துக்குள்ள முழங்கை முடிஞ்சிடும். எடைய ஹார்னஸ்ல போடுங்க, கால கிளைல வச்சு கயிற சாய்ஞ்சு இழுத்துக்கிட்டே நடந்து போங்க. கவட்டை உங்க தலைக்கு மேல உசரமா இருக்கணும், கயிறு நேர்கோட்டுல இருந்தா எங்க வேணா போலாம், கவட்டை தாழ்ந்து போச்சுன்னா கிளை நுனில நின்னு வழுக்கினா ஊஞ்சல் மாதிரி அடிமரத்துல போய் அடிப்பீங்க. வெளிக்கிளைக்கு போனா அங்க கயிற இன்னொரு கவட்டைல வழி மாத்தி விட்டுக்கிட்டா நிக்க சௌகரியம்.

முதல்ல மேல போய் உச்சில இருந்து வெளிப்பக்கமும் கீழயும் வேலை செஞ்சுட்டே வாங்க. வெட்டின கொப்பு கீழ கிளைல தொங்கிட்டு இருந்தா போற வழில எடுத்துட்டே வாங்க, அப்புறம்னு விட்டா அது யார் தலைலயாவது விழும்.

ஸ்டெப் 7: வெட்டு

டாப் ஹேண்டில் செயின்சா, அதாவது பிடி மேல இருக்கிறது. ஸ்டில் எம்எஸ் 201 டிசி அதிகம் பாக்கலாம், பார் சங்கிலி சேக்காம சுமார் 3.7 கிலோ, ஹஸ்க்வர்னா டி540 இன்னொண்ணு, இப்ப பேட்டரி செயின்சாவுக்கும் நிறைய பேர் மாறிட்டாங்க, சத்தம் கம்மி, பேசிக்கலாம், மேல ஸ்டார்ட் பண்ண கயிறு இழுக்க வேணாம். எதுவா இருந்தாலும் ரெண்டு கையாலதான். இன்ஸ்டாகிராம்ல ஒரு கையால வெட்டி மறு கையால கிளைய தள்ளுறவங்க வீடியோ பாத்துட்டு வர்றாங்க, அந்த மறு கைதான் முதல்ல போறது.

பெரிய கிளைன்னா முதல்ல கிளையோட கழுத்துல இருந்து கொஞ்சம் வெளிய தள்ளி கீழ இருந்து ஒரு வெட்டு, அப்புறம் இன்னும் கொஞ்சம் வெளிய மேல இருந்து, கிளை பட்டைய கிழிச்சுட்டு போகாம விழும். மிச்சமிருக்கிற முண்ட கடைசியா எடுக்கணும், அதுவும் அடிமரத்தோட ஒட்டி சீவக் கூடாது. கிளை சேர்ற இடத்துல வளையமா ஒரு வீக்கம் இருக்கும், காலர், அதுக்கு வெளிய. அமெரிக்க வனத்துறைல இருந்த அலெக்ஸ் ஷிகோ மரத்த ஆயிரக்கணக்குல அறுத்துப் பாத்துட்டு சொன்னது: மரம் காயத்த ஆத்தாது, உள்ள சுவர் கட்டி அழுகல அடைச்சு வைக்கும். காலர சீவிட்டா சுவர் கட்ட ஆள் இல்ல. அதே காரணத்துக்காக வெட்டின இடத்துல பெயின்ட், தார் எதுவும் பூச வேணாம், வீட்டுக்காரர் கேட்டாலும்.

ரிடக்ஷனுக்கு பிஎஸ் 3998-னு பிரிட்டிஷ் தரம் இருக்கு, 2010 பதிப்பு. முப்பது சதவீதம் குறைக்கிறேன்னு கொட்டேஷன் எழுதாதீங்க, அவருக்கும் புரியாது உங்களுக்கும் தெரியாது. உயரம் 16 மீட்டர்ல இருந்து 14 ஆகும்னு எழுதுங்க.

ஸ்டெப் 8: கட்டி எறக்குறது

கீழ கண்ணாடிக் கூரை இருந்தா வெட்டிப் போட முடியாது. மேல கப்பி கட்டி, தனிக் கயிறு, மரத்தடில போர்ட்டாராப் மாதிரி உரசிப் பிடிக்கிற குழாய், அதுல க்ரவுண்டி கயிற சுத்தி மெதுவா விடுவாரு. இந்தக் கயிறும் ஏறுற கயிறும் எப்பவும் கலக்கக் கூடாது, பையும் வேற, கலரும் வேற.

வெயிட்ட குறைச்சு மதிப்பிடுறதுதான் எல்லாருக்கும் வர்ற வியாதி. பச்ச ஓக் ஒரு கன மீட்டர் ஒரு டன்னுக்கு மேல. 40 செ.மீ விட்டம், ஒரு மீட்டர் நீளத் துண்டு 130 கிலோ கிட்ட வரும். கப்பிக்கு மேல இருந்து விழுந்து கயிறு இறுகும்போது அந்த உதறல் அதப் போல பல மடங்கு, நீங்க அதே அடிமரத்துல கட்டிக்கிட்டு உக்காந்திருப்பீங்க. சின்னதா வெட்டுங்க. க்ரவுண்டி கயிற சட்டுனு பிடிக்காம ஓடவிட்டு நிறுத்தப் பழகணும்.

வெட்டும் முன்னாடி மேல இருந்து குரல், கீழ இருந்து பதில் குரல். பதில் வராம வெட்டு கெடையாது. ஹெல்மெட் ப்ளூடூத் வாங்கினா இந்த கத்தல் பாதி மிச்சம்.

ஸ்டெப் 9: மேல மாட்டினா

தளத்துல எப்பவும் குறைஞ்சது ரெண்டு பேர், கீழ உள்ளவர்ல ஒருத்தராவது ஏறி ஆள எறக்கத் தெரிஞ்சவரா, அவரோட கியர் வேன்ல இல்ல, மரத்தடில பிரிச்சு தயாரா இருக்கணும். மயங்கி ஹார்னஸ்ல அசையாம தொங்குறது தன்னாலயே ஆபத்து, சீக்கிரம் எறக்கணும். காலைல வேலைக்கு முன்னாடி தளத்து முகவரி, போஸ்ட்கோடு, ஆம்புலன்ஸ் எந்த வழியா வரும்னு பேப்பர்ல எழுதுங்க, காட்டுக்குள்ளன்னா மேப் ரெஃபரன்ஸ். ஹார்னஸ்லயே பெரிய ரத்தக் கட்டு துணி ஒண்ணு, கைக்கு எட்டுற இடத்துல. எறக்குறத வருஷத்துக்கு ஒரு தடவ இல்ல, மழை வந்து வேலை நின்ன நாள்ல எல்லாம் பழகிப் பாருங்க.

ஸ்டெப் 10: சாமான பாத்துக்கிறது, காசு, உடம்பு

1998 லோலர் சட்டப்படி ஆள தூக்குற சாமான் எல்லாத்தையும் 6 மாசத்துக்கு ஒரு தடவ தகுதியுள்ள ஆள் பாத்து ரிப்போர்ட் கொடுக்கணும். ஒவ்வொண்ணுக்கும் சீரியல் நம்பர், வாங்கின தேதி, ஒரு நோட்டு. அது போக தினம் காலைல கயிற முழுசா விரல்ல உருவிப் பாருங்க, உள்ள எங்கயாவது மெத்துனு இருந்தா, தட்டையா இருந்தா, அந்த இடத்தோட அறுத்துடுங்க. அறுத்துத் தூக்கிப் போடணும், சும்மா மூலைல போட்டா இன்னொருத்தன் எடுத்து ஏறுவான். கயிறு அழுக்கானா வெதுவெதுப்பான தண்ணி, லேசான சோப்பு, நிழல்ல காய வைங்க. பெட்ரோல் கேன் பக்கத்துல கயிறு பை வைக்கிற பழக்கம் நெறைய வேன்ல பாக்குறேன், நிறுத்துங்க.

சங்கிலிக்கு தினம் அரம் போடுங்க. மழுங்கின சங்கிலியோட அதிர்வு விரல் நரம்ப கொல்லும், குளிர்ல விரல் வெள்ளையா மாறி மரத்துப் போற நோய் இந்தத் தொழில்ல சகஜம், வந்தா போகாது. தோளும் முழங்கையும் அடுத்தது. நாப்பது வயசுக்கு மேலயும் தினம் ஏறிட்டு இருக்கிறவங்க இருக்காங்க, அவங்க எல்லாரும் மெதுவா ஏறுறவங்க.

காசு விஷயம், சொந்தமா நாள் கூலிக்கு போற க்ளைம்பருக்கு கம்பெனி வேலைய விட அதிகமா வரும், ஆனா காத்து அடிச்சா வேலை இல்ல, வேலை இல்லன்னா காசும் இல்ல, கியர் உங்களது, லோலர் செலவு உங்களது, பப்ளிக் லயபிலிட்டி இன்ஷூரன்ஸும் உங்க தலைலதான். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது மரம் ஏறி செயின்சா ஓட்டுறதுன்னு தெளிவா பாலிசில எழுதியிருக்கான்னு பாருங்க, கார்டனிங்னு போட்டிருந்தா அது செல்லாது. முதல் மாச சம்பளத்துல, கீழ நிக்கிறப்பவே வேண்டியது: ஹெல்மெட், பூட்ஸ், பேன்ட். ஏற ஆரம்பிக்கும்போது கயிறு முதல்ல, கூடவே முடிச்சுக் கயிறு, கேரபைனர். அடுத்து ஹார்னஸ், அப்புறம் ரெண்டாவது கயிறு. செயின்சா கம்பெனி கொடுக்கும், அவசரமே இல்ல.